எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்

பிள்ளையார்பாளையத்தில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். குரல் இறங்கிவிடும், பேச்சில் மரியாதை ஏறிவிடும். பெற்ற பிள்ளையைக்கூட "நீங்க" என்பாள். "நீங்க அந்தத் தட்ட எடுத்து வச்சிட்டு அப்பறமா வெளையாடப் போங்க" என்று அவள் சொன்னால் பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாய் ஒதுங்கிக்கொள்ளும். 1966ஆம் வருஷம் மாசியிலிருந்து ஆவணி வரை அவள் ஊரில் பாதிப் பேரிடம் அப்படித்தான் பேச வேண்டியிருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் கோதண்டபாணி பட்டு நெய்பவன். கூடத்திலேயே குழித்தறி. காஞ்சிபுரத்துச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வர வேண்டும். அதைக் கோர்வை என்பார்கள். நெய்கிறவன் ஒருவனால் ஆகிற காரியமில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை இழையை ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து அந்த இடம் வடிவினுடையது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் கிடையாது. அந்த மூன்று நாளும் அவள் பின்கட்டில் ஒரு பாயோடும் ஒரு தட்டோடும் கிடப்பாள். தறியைத் தொடக் கூடாது, அடுப்படிக்கு வரக் கூடாது, பானைத் தண்ணீரைத் தானாக மொண்டு குடிக்கக் கூடாது. பட்டில் தீட்டுப் பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது மாமியார் பெரியநாயகியின் தீர்ப்பு. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதால் வடிவு அதைப் பற்றி அதுவரை யோசித்ததில்லை.

எட்டு வருஷத்தில் நாலு பிள்ளைகள். நாலாவது பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். "இன்னொண்ணு வந்துச்சின்னா உன் உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்று நர்சு சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் வடிவு அதைப் புருஷனிடம் சொன்னாள். ஆண்களுக்கு ஆபரேஷன் செய்கிறார்கள், அரைமணி நேர வேலை என்று ஊரெல்லாம் தட்டி கட்டியிருந்த காலம் அது.

"எனக்கா? தறி மெதிக்கிறவன் நானு. இடுப்புக்குக் கீழ கத்தி வச்சா அப்பறம் கால்ல பெலம் இருக்குமா?" என்றான் கோதண்டபாணி.

"சம்பாதிக்கிற ஆம்பளைய அறுத்துப் போட்டுட்டுக் குடும்பமே தெருவுல நிக்கணுமா?" என்றாள் பெரியநாயகி. "பொம்பளைங்களுக்கு ஏதோ லூப்புன்னு போடறாங்களாமே. நீ அத்தப் போட்டுக்கோ."

"அதுல எனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா அத்தே?"

"உனக்கு இன்னா ஆவும்? நாலு பெத்தவதானே."

அந்த வாரமே இந்திராணி வந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்க்கத் தெருத் தெருவாகப் போகிற பெண். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும், திண்டிவனத்துக்காரி. பைக்குள்ளிருந்து சின்ன மருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் வளைவு, பாம்பு நெளிந்த மாதிரி, அடியில் நூலோடு இருந்தது.

"நோவுமா?" என்று கேட்டாள் வடிவு.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்துல எழுந்து வீட்டுக்குப் போயிடலாம். அன்னைக்கே வேலை செய்யலாம்."

"எனக்கு ஏற்கெனவே போக்கு அதிகம்மா. போன பிரசவத்துல..."

"அதையெல்லாம் டாக்டரம்மா பாத்துப்பாங்க."

"சரி. ஒத்துக்கலன்னா?"

"எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்மா. இந்த நூலைப் புடிச்சி இழுத்தா வந்துடும். ரெண்டு நிமிஷம்."

வடிவு அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போனாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, சுற்றிலும் வேட்டிகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வராந்தா நெடுக அறுபது பெண்கள் இருப்பார்கள். வாசலில் எழுதிக்கொண்டிருந்தவளிடம் வடிவு மறுபடியும் தன் உதிரப்போக்கைச் சொன்னாள். அவள் கையிலிருந்த தாளில் பெயர், புருஷன் பெயர், பிள்ளைகள் எத்தனை என்ற மூன்று கட்டம்தான். நாலாவதாக எதையும் எழுத இடமில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். திரைக்குள்ளே டாக்டரம்மா வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. வலியில் வடிவு பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே "அடுத்தது" என்ற குரல் கேட்டது. வெளியே வந்ததும் கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டு வாங்கிக்கொண்டு சில ரூபாயைக் கையில் திணித்தார்கள். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

முதல் இரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. மூன்றாம் நாள் உதிரம் கண்டது. ஒன்பது நாள் ஓடியது. நின்று ஐந்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி பிடித்துக்கொண்டு பதினாறு நாள். பங்குனியும் சித்திரையும் இப்படியே போயின. விடியுமுன் எழுந்து கிணற்றடியில் துணி அலசினாள். கிழிக்கப் பழந்துணி இல்லாமல் போய், தன் சீமந்தத்துக்கு வந்த நூல் சேலையை எடுத்துக் கிழித்தாள். முதுகுத்தண்டின் அடியில் யாரோ கட்டையை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. குடத்தைத் தூக்கினால் மார்பு படபடத்தது. கைக்குழந்தைக்குப் பால் வற்றியது. உதடும் நகமும் வெளுத்துப்போய்ப் பார்ப்பவர்கள் காமாலையா என்று கேட்டார்கள்.

உதிரம் ஓடுகிற நாளெல்லாம் பின்கட்டு. அதுதான் அவளை அதிகம் அரித்தது. நோயாளிக்குக் கிடைக்கிற கஞ்சியும் கிடைக்கவில்லை, விலக்கானவளுக்கு நாலாம் நாள் கிடைக்கிற விடுதலையும் கிடைக்கவில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. இருட்டோடு எழுந்து தெருவே சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிற்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரியநாயகியும் போனாள். வடிவு பின்கட்டுச் சுவரில் சாய்ந்து வெறும் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த மூத்த மகள் தேவகி வாசலில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் நிற்கையிலேயே உரக்கக் கேட்டாள்: "அம்மா, நீ எப்பதாம்மா குளிப்பே?" ஏழு வயதுக் குழந்தை. அது கேட்டதில் தப்பில்லை. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுகாதார நிலையத்துக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை சிவப்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பொறுத்தாள். இரண்டாம் தடவை டாக்டரம்மா வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தாள். மூன்றாம் தடவை ஆனி மாதக் கடைசியில், காலையில் போய் மதியம் வரை தரையில் உட்கார்ந்திருந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்கம்மா" என்றாள் வடிவு.

"எதுக்கு?"

"ரத்தம் நிக்கல. நாலு மாசமா இப்பிடியே இருக்குது."

"எல்லாருக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். உனக்குச் சூட்டு உடம்பு. பழகிடும்."

"பழகலியேம்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "இதோ பார். போன வாரம் நாலு பேர் எடுக்கணும்னு வந்தாங்க. இந்த வாரம் நீ வந்திருக்கே. எல்லாருக்கும் எடுத்துக்கிட்டே இருந்தா நான் மேலே என்னன்னு எழுதி அனுப்பறது? காசு வாங்கிக்கிட்டுத்தானே போட்டுக்கிட்டே?"

மேஜைக்குப் பக்கத்தில் பேரேட்டோடு இந்திராணி நின்றிருந்தாள். வடிவு அவள் பக்கம் திரும்பினாள். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"நீங்க எங்க வூட்டுக்கு வந்தீங்க. எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்னு சொன்னீங்க. இப்ப அத்த இவங்களாண்ட சொல்லுங்க."

இந்திராணி பேரேட்டைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

திரும்பும் வழியில் தெருக்குழாய் மேடையில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழாயடியில் நின்றிருந்த பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். "லூப்பு போட்டவதானே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. அப்படியென்றால் தன்னைப் போல் வேறு ஆள்களும் இருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சிலிருந்துதான் அவளுக்கு முதல்முதலாக உறைத்தது.

வீட்டில் அதற்குள் தறி தள்ளாடிக்கொண்டிருந்தது. மருமகள் இடத்தில் பெரியநாயகியே உட்கார்ந்து கோர்வை தள்ளினாள். அவளுக்குக் கண்ணில் புரை. கரை ஓரம் பல்லிளித்தது. ஒரு சேலையை நெசவாளர் சங்கத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது ஒரு கல்யாணச் சேலை. உடல் கடுகு நிறம், கரை அரக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆடி பிறந்து பத்து நாள் ஆகியும் பாதிகூட ஏறவில்லை.

ஒரு காலையில் பெரியநாயகி பின்கட்டுக்கு வந்தாள்.

"எழுந்து வா வடிவு. தறியில ஒக்காரு."

"நான் இன்னும் குளிக்கல அத்தே."

"தெரியும். பரவால்ல. ஒரு கோணிய மடிச்சிப் போட்டுக்கினு ஒக்காரு. யாரு பாக்கப் போறாங்க?"

வடிவு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருஷம். காய்ச்சலில் நாக்கு ஒட்டிக்கொண்டபோதுகூட யாராவது வந்து தண்ணீர் ஊற்றட்டும் என்று இதே பின்கட்டில் காத்துக் கிடந்திருக்கிறாள். மூத்த பிள்ளை கூடத்தில் விழுந்து மண்டை உடைந்து அழுதபோது வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதெல்லாம் இத்தனை லேசாக, ஒரு கோணிப்பையில் தீர்ந்துவிடக்கூடியதுதானா?

அவள் எழுந்து போனாள். கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். மதியம் வரை நாடா தள்ளினாள். கரை ஒரு இழை பிசகவில்லை. பட்டு கறுக்கவுமில்லை. கோதண்டபாணி குழிக்குள் காலை மிதித்துக்கொண்டு நெய்தான். உச்சிவேளையில் வடிவு எழுந்து நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள். பானைக்குள் சொம்பை விட்டு மொண்டு, நின்றபடியே குடித்தாள். மறுபடியும் மொண்டாள்.

"இன்னா பண்றே?" என்றாள் பெரியநாயகி, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு.

"தண்ணி குடிக்கிறேன் அத்தே. தாகமா இருக்குது."

"தூரமா இருக்கசொல்ல பானையத் தொடறியே."

"காலையிலேருந்து பட்டத் தொட்டுக்கினு இருக்கேன். நீங்கதான் தொடச் சொன்னீங்க. பட்டவிடப் பானை ஒசத்தியா?" வடிவு சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே இந்த வூட்ல தூரம்னு ஒண்ணு கெடையாது. எனக்கும் கெடையாது, நாளைக்கி தேவகிக்கும் கெடையாது. வேணாம்னா இப்பவே சொல்லுங்க. கோணிய எடுத்துக்கினு பின்னால போயிடறேன். தறியும் அப்பிடியே நிக்கட்டும்."

பெரியநாயகி மகனைப் பார்த்தாள். மகன் தறியைப் பார்த்தான். கடுகு நிறப் பட்டு பாதியில் நின்றிருந்தது. "நேரமாவுது, வந்து ஒக்காரு" என்றான் அவன், யாரைப் பார்த்தும் சொல்லாமல். அவன் பெண்டாட்டிக்காகப் பேசியது அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பின்கட்டில் யாரும் ஒதுங்கிப் படுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இந்திராணி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று வடிவு சொல்லவில்லை.

"என் மேலே கோபமாத்தான் இருப்பீங்க" என்றாள் இந்திராணி. "மாசத்துக்கு இத்தனை பேருன்னு எனக்குக் கணக்கு. அது குறைஞ்சா வேலை போயிடும். எங்க வீட்டில நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். ரத்தப்போக்குன்னு சொல்றவங்க பேரை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இதையெல்லாம் எழுதாதேன்னு சொல்லிட்டாங்க."

"எழுதலன்னா ஓடற ரத்தம் நின்னுடுமா?"

இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிவுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் முயற்சி செய்யவும் இல்லை.

"நீங்க அழுவறதுக்கு எங்க வூட்டு வாசல்தானா கெடைச்சிது? இங்க எடுக்க மாட்டாங்கன்னா வேற எங்க எடுப்பாங்க? அத்தச் சொல்லிட்டு அழுங்க."

ஊருக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருப்பதையும், அங்கே ஒரு கேரளத்து டாக்டர் அம்மாள் எடுத்துவிடுவாள் என்பதையும் இந்திராணி தணிந்த குரலில் சொன்னாள். தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். அடுத்த முகாம் தென்னேரியில், ஆவணி இரண்டாம் சனிக்கிழமை என்பதும் அவள் வாயிலிருந்து வந்தது.

வடிவு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அன்றைக்கு வரிசையில் தனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களை நினைவுபடுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வீடு வீடாகப் போனாள். பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்தாள். அதில் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. "இது இல்லன்னா எனக்கு இப்ப அஞ்சாவது வயித்துல இருந்திருக்கும், புண்ணியமாப் போச்சி" என்றாள் ஒருத்தி. ஒருத்திக்குத் தானாகவே வெளியே வந்துவிட்டிருந்தது, அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏழு பேருக்கு வடிவைப் போலவே. ஒவ்வொருத்தியும் தன் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு பேரில் மோசமாக இருந்தவள் அம்சா. ரயில்வே கேட்டுக்கு அப்பால் சேரியில் வீடு. அரிசி ஆலைக் களத்தில் நெல் துழாவுகிற வேலை. வெயிலில் இரண்டு தடவை விழுந்ததும் ஆலையில் நிறுத்திவிட்டார்கள். வடிவு அதுவரை அந்தத் தெருவுக்குள் கால் வைத்தவள் இல்லை. அம்சா படுத்தபடியே பயந்து போய்ப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கும்மா இங்கல்லாம் வந்துக்கினு?"

"உனக்கும் எனக்கும் ஒரே நாள்ல போட்டாங்க. எழுந்து வா, எடுத்துக்கினு வந்துடலாம்."

ஒற்றை மாட்டு வண்டியில் இருவரும் போனார்கள். அந்த டாக்டர் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். முதலில் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். எத்தனை பிரசவம், எப்படி நடந்தது, மாதப்போக்கு முன்பு எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வடிவு ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். இந்தக் கேள்விகளை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் மாசி மாதத்திலிருந்து காத்திருந்தாள்.

"உனக்கு இதைப் போட்டிருக்கவே கூடாது" என்றாள் டாக்டர் அம்மாள். "மூச்சை இழுத்து விடு."

அவ்வளவுதான். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் அது கிடந்தது. ரெண்டு நிமிஷம் என்று இந்திராணி சொன்னாளே, அதில் மட்டும் பொய் இல்லை. ஐந்து மாத உதிரம், வற்றிப்போன பால், கிழித்த சீமந்தச் சேலை, குழாயடியில் விழுந்தது எல்லாமே ரெண்டு நிமிஷ வேலையைச் செய்ய ஒருத்திக்கு மனசில்லாததால். வலி தீர்ந்த பிறகுதான் வடிவு அழுதாள். அழுகை நின்றதும் உடம்பு நடுங்கியது. "குளிருதா?" என்று கேட்டாள் டாக்டர் அம்மாள். "இல்லீங்க" என்றாள் வடிவு. அது ஆத்திரம்.

அம்சாவுக்கும் அன்றே எடுத்தாயிற்று. நாலாம் நாள் வடிவுக்கு உதிரம் நின்றது. ஈரலும் முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக உடம்பு தேற ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் அவள் தேறும்வரை காத்திருக்கவில்லை. ஆவணி இரண்டாம் சனிக்கிழமை அம்சாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனாள்.

ஏரிக்கரைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் முகாம். வெளியே மரத்தடியில் நாற்பது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வடிவு வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருத்தியாகப் பேசிக்கொண்டே வந்தாள். தனக்கு என்ன நடந்தது என்று சொன்னாள். அம்சா பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தாலே போதும் என்றிருந்தது. பேச்சு முன்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டரம்மா வெளியே வந்துவிட்டாள்.

"யார் நீ?"

"பிள்ளையார்பாளையத்து வடிவுங்க. மாசி மாசம் நீங்கதான் போட்டீங்க. மூஞ்சி ஞாபகம் இருக்காது. அன்னிக்கி நீங்க பாக்கல."

"வந்தவங்களைக் கலைச்சிவிடறதுக்கா வந்தே?"

"போட்டுக்க வேணாம்னு நான் யாராண்டயும் சொல்லல. போடறதுக்கு முன்ன போக்கு அதிகமான்னு கேளுங்க. சொன்னா எழுதிக்கோங்க. எடுக்கணும்னு வந்தா எந்த நாள்ல எடுப்பீங்க, யாரு எடுப்பீங்க, அத்த இங்கியே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

கண்காணிப்பாளர் ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க. அவரு வந்தா இத்தையே அவராண்டயும் சொல்றேன்" என்றாள் வடிவு. வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண், "ஆமாம்மா, யாரு எடுப்பாங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். பின்னாலிருந்து இன்னொருத்தி அதையே கேட்டாள். டாக்டரம்மா திரும்பித் திரைக்குள்ளே போய்விட்டாள். வாசலில் பேரேட்டோடு நின்ற இந்திராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவும் அம்சாவும் பஸ் ஏறும்போது வரிசையில் பாதிப் பேர் கலைந்து போயிருந்தார்கள்.

புரட்டாசியில் சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்: செவ்வாய்க்கிழமை காலை லூப் எடுக்கப்படும். அது வடிவினால் வந்ததா, எல்லா ஊர்களிலிருந்தும் இதே கூச்சல் போனதால் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவா என்று யாருக்கும் தெரியாது. முதல் செவ்வாய்க்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். இந்திராணியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தாள். வடிவு "நல்லா இருங்க" என்றாள். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கோதண்டபாணி விஷயம் தீர இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. எடுத்துவிட்டு வந்த அன்றைக்கே வடிவு தன் பாயைப் பிள்ளைகள் பக்கம் போட்டுக்கொண்டாள். "நீங்க உங்க காலப் பத்தரமா வச்சிக்கோங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோதண்டபாணி முறைத்தான், சாப்பாட்டைத் தள்ளினான், அம்மாவிடம் முறையிட்டான். 1968இல் அடுத்த தெருத் தறிக்காரர் கண்ணாயிரம் ஆபரேஷன் செய்துகொண்டு ஆறாம் நாள் தறியில் இறங்கியதை இவன் போய் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தான். மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் தானே போய்ச் செய்துகொண்டு வந்தான். வடிவு அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஏழாம் நாள் அவன் குழியில் இறங்கி மிதிக்கத் தொடங்கியபோது, "கால்ல பெலம் இருக்குதா?" என்று கேட்டாள். அவன் மிதித்துக்கொண்டே இருந்தான்.

இதற்கு முன்பு, 1967 ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை சரியாகாது. அடைமழை நாள். ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நனைந்து வந்து வாசலில் நின்றாள். பயிர்த்தொழில் செய்கிற குடும்பத்துப் பெண் என்பது பார்த்ததும் தெரிந்தது.

"வடிவுன்றது நீதானே? நான் தென்னேரி ஜெயம்மாள். அன்னிக்கி வரிசையில நின்னவ. யாரு எடுப்பாங்கன்னு டாக்டரம்மாவ மொதல்ல கேட்டவ நானு."

"உள்ள வா, நனையுதே கொழந்த."

"இது ஆறாவது" என்றாள் ஜெயம்மாள், நகராமல். "நீ பேசினதக் கேட்டு பயந்துக்கினு திரும்பிப் போயிட்டேன். அடுத்த மாசமே தங்கிப்போச்சி. அஞ்சுக்கே சோறு இல்ல எங்க வூட்ல."

"நான் வேணாம்னு சொல்லலியே..." என்று ஆரம்பித்த வடிவு பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீ சொல்லல. கேக்கணும்னு சொன்னே. கேட்டோம். அவங்க பதில் சொல்லல. நீ பஸ் ஏறிப் போயிட்டே. அப்பறம் நான் எங்க போறது, யாராண்ட போறது? அத்த நீ சொன்னியா?"

இத்தனை நாளும் அவள் கோபத்துக்கு எதிரில் யாராவது ஒருத்தர் இருந்தார்கள். இப்போது அவளே ஒருத்தியின் கோபத்துக்கு எதிரில் நின்றாள். அதில் நியாயமும் இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியும். அங்கே கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனக்கு நடந்ததைச் சொல்லித் தீர்க்கிற வேகத்தில் அது தோன்றவே இல்லை.

ஜெயம்மாளை அன்று வீட்டிலேயே தங்க வைத்து, மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கேரளத்து டாக்டர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். ரத்தம் குறைவு என்று ஒரு மாதம் மாத்திரை கொடுத்தாள். அதன் பிறகு அதே வெள்ளை பிளாஸ்டிக் வளைவைத்தான் போட்டாள். ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் வந்து காட்ட வேண்டும், இடையில் எது வந்தாலும் உடனே வா என்றாள். ஜெயம்மாளுக்கு அது ஒத்துக்கொண்டது. ஏழாவது வரவில்லை.

வடிவு அதற்குச் சந்தோஷப்பட்டாள். கூடவே அவளுடைய ஆத்திரம் இன்னும் கூர்மையாயிற்று. அந்தப் பொருளில் விஷம் எதுவும் இல்லை. இப்படிக் கேட்டு, பார்த்து, போட முடியும். மாசி மாதத்திலும் முடிந்திருக்கும். முடிந்தும் செய்யவில்லை.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் காலைத் தறி வேலையை முடித்துக்கொண்டு வடிவு சுகாதார நிலையத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். எடுக்க வந்தவர்களோடு உட்காருவாள், போட்டுக்கொள்ள வந்தவர்களோடும் உட்காருவாள். சில நாள் அம்சாவும் வருவாள். டாக்டர்கள் இரண்டு தடவை மாறிவிட்டார்கள். 1971இல் புதிதாக வந்த டாக்டர் மூன்று வாரமாக அவளைப் பார்த்துவிட்டு, நாலாவது வாரம் கூப்பிட்டார்.

"உங்களுக்கு என்னம்மா தொந்தரவு?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் வடிவு. "அதோ, அந்தப் பொண்ணுக்கு மூணு வாரமா நிக்கல. நீங்க எடுத்து முடிக்கிற வரைக்கும் இங்கியே ஒக்காந்திருக்கேன்."